சேஷாசல அடிவாரத்தில் ஈ.வி.எஸ்.: காணாமற்போன ஒரு பாடம் குறித்த கள ஆய்வு

முன்னுரை

தமிழில் எழுதப்படும் ஆய்வேடு எதுவானாலும் தொல்காப்பியத்தில் தொடங்கியாக வேண்டும் என்பது பல்கலைக்கழக மரபு. கூட்டுறவு வங்கிகளைப் பற்றிய ஆய்வேடுகூட முதல் பத்தியில் தொல்காப்பியரை ஒருமுறை வணங்கிவிட்டுத்தான் கடன் வசூலுக்குப் போகும். இக்கட்டுரையாளருக்கு அந்தச் சங்கடம் இல்லை. தொல்காப்பியப் பாயிரம் எந்த மலையைத் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கெல்லை என்கிறதோ, அந்த வேங்கடத்தின், அதாவது சேஷாசலத்தின், அடிவாரமே ஆய்வுக்களம். மலையடியில் திருப்பதி. தென்மேற்கே சுமார் 70 கிலோமீட்டரில் சித்தூர். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தபோது சித்தூர் ஆந்திரத்திலேயே தங்கிவிட்டது. ஆகவே இவ்வட்டாரத்து மாணவர் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், தெருவில் தெலுங்கு பேசுகிறார்கள், விடைத்தாளில் ஆங்கிலம் என்று தாங்கள் நம்பும் ஒன்றை எழுதுகிறார்கள்.

அவர்கள் எழுதும் தாள்களில் ஒன்றுதான் நம் ஆய்வுப்பொருள். முழுப்பெயர் சுற்றுச்சூழல் கல்வி. மாணவர் வழக்கில் ஈ.வி.எஸ். பொறியியல், மருந்தியல், பி.காம்., பி.எஸ்சி. என்ற பேதமின்றி இளநிலைப் பட்டத்துக்குச் சேர்ந்த எல்லோருக்கும் உண்டு. வகுப்பு அட்டவணையில் அது இருக்கிறது. மதிப்பெண் பட்டியலிலும் இருக்கிறது. இந்த இரண்டு ஆவணங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அது எங்கே இருந்தது என்பதற்கு நேரில் கண்ட சாட்சி கிடைப்பதில்லை. இக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

முன்னாய்வுகள்

இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் பாஸ் ஆனதும் மறந்துவிடுகிறார்கள். பாஸ் ஆகாதவர்கள் 'சப்ளி' எனும் மறுதேர்வு எழுதும் அலைச்சலில் இருப்பதால் ஆய்வுக்கு நேரம் ஒதுக்க முடியவில்லை.

சான்றாதாரங்கள்

முதன்மைச் சான்றாதாரம்: மாணவர் நோட்டுப் புத்தகங்களின் கடைசிப் பக்கங்கள். முதல் பக்கங்களில் தேதியும் தலைப்பும் மட்டுமே காணப்படுவதால் அவை ஆய்வுக்கு உதவவில்லை. கடைசிப் பக்கங்களிலோ ஆசிரியரின் உருவப்படம், மதிய உணவுக் கணக்கு, கிரிக்கெட் அணித் தேர்வு என வகுப்பு நிகழ்ந்ததற்கான தடயங்கள் செறிந்துள்ளன. காட்பாடியிலிருந்து சித்தூருக்குப் போகும் காலைப் பேருந்துகளில் காதில் விழுந்தவையும் இதில் அடங்கும்.

துணைமைச் சான்றாதாரம்: ஜெராக்ஸ் கடை.

எந்தக் கல்லூரி என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். 1954இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 1983இல் வந்த பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், 2015இல் ஒரே ஆண்டில் வந்திறங்கிய ஐ.ஐ.டி., ஐசர் என்று இங்கே கல்வி நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. இவ்வாய்வு அவற்றில் எதையும் குறிக்கவில்லை. இங்கே சித்திரிக்கப்படுவது ஒரு கற்பனைக் கல்லூரி. அதற்குப் பெயர் இல்லை, முதல்வர் இல்லை, குறிப்பிட்ட ஊர்கூட இல்லை. எந்தக் கல்லூரிக்காவது தன்னைப் பற்றியதோ என்று தோன்றினால் அது அந்தக் கல்லூரியின் அடக்கத்தைக் காட்டுகிறது.

பாடத்தின் தோற்றம்

கணக்கை நாம் படிப்பது அது பழைய கலை என்பதால். வேதியியலைப் படிப்பது அது தொழிலுக்கு வேண்டும் என்பதால். உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதால் படிக்கப்படுவது ஈ.வி.எஸ். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று வந்த தீர்ப்பு, பள்ளியிலும் கல்லூரியிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. அதே தீர்ப்பு, திரையரங்குகள் ஒவ்வொரு காட்சியிலும் சுற்றுச்சூழல் பற்றி இரண்டு ஸ்லைடாவது இலவசமாகக் காட்ட வேண்டும் என்றும் சொன்னது.

இது ஆய்வாளர்கள் கவனிக்கத் தவறிய செய்தி. திரையரங்கில் இரண்டு ஸ்லைடு என்று தொடங்கிய மரபுதான் இன்று கல்லூரியில் தொண்ணூறு ஸ்லைடு கொண்ட பி.பி.டி.யாக வளர்ந்து நிற்கிறது. திரையரங்கில் ஸ்லைடு முடிந்ததும் படம் போடுவார்கள் என்பதே வேறுபாடு. பி.பி.டி.யின் மூலையில் எங்கோ வடக்கே உள்ள வேறொரு பல்கலைக்கழகத்தின் முத்திரை இருக்கும். மாணவர்கள் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை. இருட்டில் தூங்குகிறவர்களுக்கு முத்திரை தெரியாது.

தீர்ப்பு வந்தது, பாடம் வரவில்லை. மேத்தா மீண்டும் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2003 டிசம்பர் 18 அன்று நீதிமன்றம் மறுபடி வலியுறுத்திய பிறகே, பல்கலைக்கழக மானியக் குழு ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றை எல்லா இளநிலைப் படிப்புக்கும் பொதுவாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதாவது, அசைன்மென்டை ஒருநாள் தாமதமாகக் கொடுத்தால் இன்டர்னல் மார்க்கில் கைவைக்கும் இந்தப் பாடம், தானே பன்னிரண்டு ஆண்டு தாமதமாக சப்மிட் செய்யப்பட்டது. இதற்காக யாருடைய இன்டர்னலும் குறைக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

பாடநூலை எழுதியவர் புணேவைச் சேர்ந்த ஈராக் பரூச்சா. தொழிலால் அறுவை சிகிச்சை மருத்துவர், ஈடுபாட்டால் காட்டுயிர் ஆர்வலர். அவர் எழுதியது நல்ல புத்தகம், படங்களோடு. ஆனால் மாணவன் கைக்கு அது வருவதற்குள் 'ஆல் இன் ஒன்' கைடு தயாரிப்பவர்கள் அதற்கு அறுவை சிகிச்சை செய்து, எலும்பை மட்டும் எடுத்து வைத்துவிடுகிறார்கள்.

ஐம்பது மணி நேரத்தில் உலகம்

பாடத்திட்டத்தைப் படித்த எவருக்கும் அதை வகுத்தவர்கள் மேல் மரியாதை உண்டாகும். எட்டு அலகுகள், ஐம்பது வகுப்புகள். அவற்றில் ஆறாம் அலகுக்கு ஏழு வகுப்பு. அந்த ஏழு மணி நேரத்தில் நிலைத்த வளர்ச்சி, நகரங்களின் ஆற்றல் சிக்கல், மழைநீர்ச் சேமிப்பு, அணைகளால் இடம்பெயர்ந்தோர் மறுவாழ்வு, சூழல் அறம், காலநிலை மாற்றம், அமில மழை, ஓசோன் படலத் தேய்வு, அணு விபத்து, தரிசு மீட்பு, நுகர்வுப் பண்பாடு, காற்று, நீர், வனம், வன உயிர், சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்கான சட்டங்கள், அவற்றை அமல்படுத்துவதில் உள்ள சிக்கல்கள், மக்கள் விழிப்புணர்வு ஆகிய அனைத்தும் முடிந்தாக வேண்டும். செர்னோபிலுக்குச் சுமார் பத்து நிமிடம் ஒதுக்கலாம், அட்டெண்டன்ஸ் எடுக்காவிட்டால்.

ஏழாம் அலகு இன்னும் விரிந்த மனம் கொண்டது. மக்கள்தொகைப் பெருக்கம், மனித உரிமை, நன்னெறிக் கல்வி, எய்ட்ஸ், மகளிர் மற்றும் குழந்தைகள் நலம், கடைசியாகச் சுற்றுச்சூழலில் தகவல் தொழில்நுட்பத்தின் பங்கு. வேறு எந்தப் பாடத்திலும் இடம் கிடைக்காதவை எல்லாம் இங்கே குடியேற்றப்பட்டிருக்கின்றன. கம்ப்யூட்டர் படிக்கும் பையன் ஒருவன் இக்கட்டுரையாளரிடம் கேட்டான்: "சார், இந்தக் கடைசித் தலைப்பு எங்களுக்காகப் போட்டதா?" ஆம் என்றே சொல்லிவைத்தேன். அவனுக்கு முகம் மலர்ந்தது. ஒரு பாடத்தில் தனக்கும் இடமிருக்கிறது என்ற உணர்வு கல்வியில் முக்கியம்.

பிறகு 2017இல் ஒரு திருத்தம், 2023இல் புதிய கல்விக் கொள்கைக்கு ஏற்ப இன்னொரு வரைவு. பொறியியலில் 2018ஆம் ஆண்டு ஏ.ஐ.சி.டி.இ. மாதிரிப் பாடத்திட்டம் இதைக் கட்டாயம் ஆனால் கிரெடிட் இல்லாத பாடம் என்று வகைப்படுத்தியது. கட்டாயம் வர வேண்டும், வந்ததற்கு ஒன்றும் கிடைக்காது. திருமணங்களுக்கு மொய் எழுதப் போகும் தூரத்து உறவினர்களின் நிலை இது. சீனியர்கள் ஒரு ரெகுலேஷன், ஜூனியர்கள் வேறொரு ரெகுலேஷன். வகுப்பு பழையதில் நடந்து கேள்வித்தாள் புதியதில் வருவதும் உண்டு. அப்படி வரும்போது பாதிப்பு எதுவும் ஏற்படாமல் போவதைத்தான் இவ்வாய்வு வியப்போடு பதிவு செய்கிறது. காரணம் பின்னர் விளக்கப்படும்.

ஆசிரியர் கோட்பாடு

இந்தப் பாடத்துக்கு எந்தத் துறை பொறுப்பு? இக்கேள்வியே இவ்வாய்வின் இதயம். இயற்பியலுக்கு இயற்பியல் துறை உண்டு. ஈ.வி.எஸ்.ஸுக்கு யாருக்கு வேலைப்பளு குறைவோ அவர் துறை. செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் ஆசிரியர்கள் கூட்டம் ஒன்று நடக்கும். எல்லோரும் தத்தம் பணிச்சுமையை எடுத்துரைப்பார்கள். கடைசியாகப் பேசுபவரின் தலையில் பாடம் விழும்.

விளைவு பின்வருமாறு. தாவரவியல்காரர் கையில் விழுந்தால் பாடம் சூழல்மண்டலத்தோடு நின்றுவிடும். உணவுச் சங்கிலி, உணவு வலை, ஆற்றல் பிரமிடு என்று ஒரு குளத்தைச் சுற்றியே செமஸ்டர் முழுதும் கழியும். மனிதன் அந்தக் குளத்துக்கு வந்து சேர்வதற்குள் தேர்வு வந்துவிடும். வேதியியல்காரர் நேராக ஐந்தாம் அலகில், மாசுபாட்டில், இறங்குவார். அவர் வகுப்பில் உலகம் முழுக்க நீரின் பி.ஓ.டி., சி.ஓ.டி. அளவுகளாகவே தெரியும். சிவில் பொறியாளர் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் படத்தைப் பலகை முழுதும் வரைவார். படம் அழகாக இருக்கும், அழிக்க மனம் வராமல் அடுத்த வகுப்பிலும் அதே படம். இயற்பியல்காரர் சூரிய சக்தி. பொருளியல்காரர் மக்கள்தொகை. வணிகவியல்காரர் நேர்மையானவர், புத்தகத்தைத் திறந்து வாசிப்பார்.

மாணவர் தரப்பு எரிச்சலில் பெரும்பங்கு இங்கே பிறக்கிறது. யாரும் மோசமான ஆசிரியர் இல்லை. சொந்தப் பாடத்தில் பிரமாதமாக நடத்துகிறவர்கள்தான். ஆனால் வேண்டாமல் கிடைத்த பாடத்தை, கூடுதல் சம்பளமின்றி, சனிக்கிழமை கடைசி மணியில் நடத்தச் சொன்னால் யார்தான் என்ன செய்வார்கள்? கெஸ்ட் லெக்சரராக வருபவருக்கு அடுத்த செமஸ்டர் வேலை இருக்குமா என்பதே தெரியாது. அவரிடம் போய் நிலைத்த வளர்ச்சி பற்றிப் பேசச் சொல்கிறோம்.

இனி, நடுவில் ஆசிரியர் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இவ்வாய்வு ஒரு விதியைக் கண்டறிந்துள்ளது. 'முதல் அலகின் நிலைபேற்று விதி' என்று இதற்குப் பெயரிடலாம்: ஆசிரியர் எத்தனை முறை மாறினாலும் புதியவர் முதல் அலகிலிருந்துதான் தொடங்குவார். பாடத்தின் வரையறை, பரப்பு, முக்கியத்துவம். மானியக் குழு இதற்கு ஒதுக்கியது இரண்டு வகுப்பு. நடைமுறையில் மாணவர் அதன் முக்கியத்துவத்தை மூன்று ஆசிரியர்களிடமிருந்து மூன்று முறை அறிந்துகொள்கிறார்கள். எது முக்கியம் என்பது மட்டும் கடைசிவரை நடத்தப்படுவதில்லை.

வகுப்பறைக்கும் இதே கதிதான். லேப் காலியாக இருந்தால் லேப். செமினார் ஹாலில் விருந்தினர் வந்துவிட்டால் மாடி. அறை மாறிய தகவல் வாட்ஸ்அப் குழுவில் மணி அடித்த பிறகு வரும். நேலப்பட்டுக்கு வரும் கூழைக்கடாக்களும் பழவேற்காட்டுக்கு வரும் பூநாரைகளும் ஆண்டுதோறும் தவறாமல் இடம் கண்டுபிடித்து வந்து இறங்குகின்றன. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது இவை இறங்கும் சூலூர்ப்பேட்டைப் பக்கம் நெல்லூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது, பறவைகள் கலங்கவில்லை. அவற்றுக்கு வாட்ஸ்அப் குழு இல்லை.

நெகிழி ஒழிப்புக் கட்டுரையின் பொருளியல்

இன்டர்னல் மதிப்பெண்ணுக்கு ஓர் அசைன்மென்ட் உண்டு. தலைப்பு பெரும்பாலும் நெகிழி மாசு. விதிமுறை: ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டுமே அச்சு, முகப்பில் கல்லூரி முத்திரை வண்ணத்தில், மேலே பிளாஸ்டிக் உறை, ஓரத்தில் பிளாஸ்டிக் ஸ்டிக். வகுப்பு முழுதும் ஒரே கட்டுரை. ஒருவன் தட்டச்சு செய்கிறான், மற்றவர்கள் பெயரையும் ஹால் டிக்கெட் எண்ணையும் மாற்றுகிறார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் நெகிழிப் பொருள் பலவற்றுக்கு நாடெங்கும் 2022 ஜூலை 1 முதல் தடை. ஒருமுறை எழுதித் தூக்கி எறியும் கட்டுரைக்குத் தடை இல்லை.

இத்தனையும் வேங்கட அடிவாரத்தில் நடப்பதில் ஒரு சுவை இருக்கிறது. மேலே திருமலையில் நெகிழித் தண்ணீர்ப் பாட்டிலுக்குத் தடை. கண்ணாடிப் பாட்டிலில் விற்கிறார்கள். பக்தர் பையைச் சோதித்துத்தான் மேலே விடுகிறார்கள். கீழே அசைன்மென்டைச் சோதிக்க ஆள் இல்லை. சோதித்திருந்தால் அத்தனை உறைகளையும் சோதனைச் சாவடியிலேயே பறிமுதல் செய்திருப்பார்கள்.

மரக்கன்று நடுதல் என்று இன்னொன்று. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம். 1972இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு தொடங்கிய நாள். அந்த நாளைத் தேர்ந்தெடுத்தவர்கள் சித்தூர் மாவட்டத்து ஜூன் வெயிலைக் கலந்தாலோசிக்கவில்லை. கன்று நடப்படும். கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் குழுவுக்குக் காட்ட ஜியோ-டேக் படம் எடுக்கப்படும்; படத்தின் அடியில் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம். அடுத்த ஆண்டு அதே அட்சரேகையில் அதே தீர்க்கரேகையில் வேறொரு கன்று நடப்படும். முந்தைய கன்று என்னவாயிற்று என்று ஜியோ-டேக் சொல்வதில்லை.

எல்லாக் கேள்விக்கும் ஒரே விடை

தேர்வுக்கு முந்தைய நாள் மாலை. ஜெராக்ஸ் கடை.

"அண்ணா, ஈ.வி.எஸ். இம்பார்ட்டென்ட் வந்துடுச்சா?"

"காலையிலயே வந்துடுச்சுப்பா. பத்து கொஸ்டின்."

"எட்டு யூனிட் இருக்கே, பத்து போதுமா?"

"போன வருஷம் ஆறுதான் குடுத்தேன். எல்லாரும் பாஸ்."

இந்த உரையாடல் மிகையில்லை. இங்கேதான் நாம் முன்பு ஒத்திவைத்த விளக்கத்துக்கு வருகிறோம். பழைய பாடத்தைப் படித்துப் புதிய கேள்வித்தாளுக்குப் பதில் எழுதியும் மாணவர் தப்புவது எப்படி? ஈ.வி.எஸ்.ஸில் எல்லாக் கேள்விக்கும் பொருந்தும் விடை ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாகச் செம்மைப்படுத்தப்பட்ட அந்த விடை இது: மக்கள்தொகை பெருகிவிட்டது. தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. காடுகள் அழிக்கப்படுகின்றன. ஆகவே மரம் நட வேண்டும், மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும், அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்.

அமில மழையா, சதுப்புநிலமா, ஒலி மாசா, பெண் குழந்தை நலமா, எதற்கும் இது பொருந்தும். கேள்வியைப் படிக்க வேண்டிய அவசியமும் குறைகிறது. இந்த விடைக்கு ஒரு படமும் உண்டு: குளம், அதில் ஒரு மீன், கரையில் ஒரு கொக்கு, மேலே சூரியன், நான்கு அம்புக்குறி. குளம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் வரையப்படும். சோர்ந்துபோய்த் தாள் திருத்துகிறவர் படத்தைப் பார்த்ததும் டிக் போட்டு அடுத்த பக்கம் போவார் என்பது மாணவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கை இதுவரை பொய்க்கவில்லை.

இதில் ஒரு கெட்டிக்காரப் பெண் மட்டும் தோற்றுப்போனாள் என்று திருப்பதிப் பக்கம் சொல்லக் கேள்வி. வெள்ளம் பற்றிய கேள்விக்கு அவள் 2021 நவம்பரை எழுதினாளாம். அந்த மழையில் திருப்பதித் தெருக்களில் வண்டிகள் மிதந்தன. ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு சுற்றியுள்ள கிராம மக்களை வெளியேற்றினார்கள். டிசம்பர் தொடக்கத்தில் மலைப்பாதையில் பாறைகள் சரிந்து விழுந்தன. இவை அனைத்தையும் கண்ணால் கண்டு எழுதினாள். கைடில் வெள்ளத்துக்கு எடுத்துக்காட்டு பிரம்மபுத்திரா. கதை உண்மையோ இட்டுக்கட்டியதோ, வகுப்பில் யாரும் அதை நம்ப மறுக்கவில்லை என்பதே நமக்குச் சான்று.

களம்

இனி எட்டாம் அலகு. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் இந்தப் பாடத்தில் உருப்படியான பகுதி இதுதான். மானியக் குழு இதற்கு ஐந்து வகுப்புகளுக்குச் சமமான நேரத்தையும், நூறில் இருபத்தைந்து மதிப்பெண்ணையும் கொடுத்தது. செய்ய வேண்டியது சிக்கலில்லாதது. பக்கத்தில் உள்ள ஆறு, காடு, புல்வெளி, குன்று, மலை எதையாவது போய்ப் பார்த்துப் பதிவு செய். மாசுபட்ட ஓர் இடத்தைப் பார். சாதாரணமாகக் கண்ணில் படும் செடி, பூச்சி, பறவையைக் கவனி. ஒரு குளத்தையோ மலைச்சரிவையோ படி.

நடப்பது என்ன? ரெக்கார்டு நோட்டு. கடந்த ஆண்டு சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து இந்த ஆண்டு ஜூனியர் எழுதுகிறான். போகாத ஊரின் பார்க்காத குளத்தில் அளக்காத வெப்பநிலை, தசமப் புள்ளி சுத்தமாக. மனமிரங்கிய ஆண்டுகளில் உண்மையாகவே பஸ் பிடித்து எல்லோரும் விலங்குக்காட்சி சாலைக்குப் போவார்கள். திருப்பதியில் 1987இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா விலங்கியல் பூங்கா பரந்தது, நல்ல பூங்கா, குறை சொல்வதற்கில்லை. ஆனால் புலியைப் பார்த்துவிட்டு வந்து 'மாசுபட்ட இடத்துக்குச் சென்ற களப்பணி' என்று எழுதினால் புலி என்ன நினைக்கும்?

இப்போது வகுப்பறை ஜன்னலைத் திறந்து பாருங்கள். திருப்பதியில் எந்தப் பக்க ஜன்னலானாலும் பெரும்பாலும் மலை தெரியும். சேஷாசலம் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயல்பாக வளராத செம்மரம் அங்கே வளர்கிறது. சென்னை மாகாண வன அதிகாரியாக இருந்த பெடோம் 1870இல் விவரித்த பொன்பல்லி அந்தப் பாறை இடுக்குகளில் இருக்கிறது. காஞ்சிபுரம் வரதராஜர் கோயிலில் தொட்டுக் கும்பிடும் பல்லியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது உயிரோடு ஓடுவது. அதே பெடோமின் பெயரை வாங்கிய ஒரு சைகஸ் செடியும் இந்த மலைத்தொடர்களுக்கே உரியது, அழிவின் விளிம்பில் நிற்பது. உயிரியற் பன்மை பற்றிய நான்காம் அலகில் 'ஓரிட வாழ்விகளுக்கு எடுத்துக்காட்டுத் தருக' என்ற கேள்விக்கு நம் மாணவர்கள் எழுதுவது நீலகிரியின் சிங்கவால் குரங்கு. அதுவும் சரியான விடைதான். குரங்குக்கும் நமக்கும் எந்தப் பகையும் இல்லை.

மலைப்பாதையில் பேருந்தில் ஏறும் லட்சக்கணக்கானோர் ஒரு பாறை வரம்பைக் கடக்கிறார்கள். கீழே மிகப் பழைய கருங்கல். அதன் மேல் நேரடியாக உட்கார்ந்திருக்கும் குவார்ட்சைட். இரண்டுக்கும் இடையில் இருந்திருக்க வேண்டிய ஏறத்தாழ 80 கோடி ஆண்டு வரலாறு அங்கே இல்லை என்று நிலவியலார் கணிக்கிறார்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவிச்சின்னமாக அறிவித்திருக்கிறது. உலகில் இதற்கு இணையான இடைவெளியை இக்கட்டுரையாளர் ஈ.வி.எஸ். முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் நடுவில்தான் கண்டார். மேலே போனால் இயற்கையே செதுக்கிய சிலாதோரணம் என்னும் கல்வளைவு. அதன் முன் நின்று செல்ஃபி எடுத்த மாணவரின் ரெக்கார்டில் குளமும் கொக்கும்.

சித்தூர்க்காரர்கள் தங்களுக்கு மலை தள்ளி இருக்கிறது என்று வருந்த வேண்டியதில்லை. ஊருக்குள்ளேயே நீவா நதி ஓடுகிறது. ஓடுகிறது என்பது மழைக்காலத்தைக் கருதிச் சொன்னது. அது பொன்னையாகிப் பாலாற்றில் சேர்கிறது. அதே பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றித்தான் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குத் தொடுத்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசு செய்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் ஒன்று. சட்டக் கல்லூரிகளில் நாடெங்கும் படிக்கிறார்கள். சித்தூரிலிருந்து வேலூர் ஒருமணி நேரப் பேருந்து. மாசுபட்ட இடம் தேடுவோர்க்கு இன்னும் கிட்டே வேண்டுமா? மாம்பழப் பருவத்தில் தோத்தாபுரியைக் கூழாக்கும் ஆலைகளிலிருந்து தோலும் கொட்டையும் எங்கே போகின்றன என்று பின்தொடர்ந்தால் போதும். மூக்கே வழிகாட்டும்.

இந்த இடத்தில் கேலியை ஒரு நிமிடம் நிறுத்த வேண்டியிருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று அதே சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லப்பட்ட 20 பேரை ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்றது. அவர்கள் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள். ஒரு மரத்தின் விலை, அதைக் கடத்தும் வணிகம், கூலிக்கு மலையேறும் வறுமை, துப்பாக்கி எல்லாம் ஒரே சம்பவத்தில் சந்தித்தன. 'சமூகப் பிரச்சினைகளும் சுற்றுச்சூழலும்' என்று ஆறாம் அலகுக்குத் தலைப்பு. அந்த அலகில் நம் மாணவர் படிப்பது சிப்கோவும் நர்மதாவும். இரண்டும் படிக்க வேண்டியவைதான். ஆனால் ஜன்னலுக்கு வெளியே நடந்ததைப் பற்றி ஒரு வரி இல்லாமல் சமூகப் பிரச்சினையை நடத்தி முடிக்க அசாத்தியத் திறமை வேண்டும்.

மறுப்பும் விடையும்

மாணவர்கள் வகுப்புக்கே வருவதில்லை, வந்தாலும் போனைப் பார்க்கிறார்கள், இவர்களை நம்பிக் காட்டுக்கு எப்படி அழைத்துப் போவது என்று அறிஞர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இக்கட்டுரையாளர் கண்டவரை, வகுப்பில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பிள்ளைகள்தான் தலக்கோனா அருவிக்கு யாரும் சொல்லாமலே பைக்கில் போய் வருகிறார்கள். அங்கே என்ன மரம், எங்கிருந்து தண்ணீர், கோடையில் ஏன் மெலிகிறது என்று அவர்களைக் கேட்க ஆள் இல்லை. கேட்டால் சொல்வார்கள். தெரியாவிட்டால் அடுத்த முறை பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள். அட்டெண்டன்ஸ் கேட்காமல் இருந்தால் போதும்.

அனுமதி, பஸ், பாதுகாப்பு, பெற்றோர் கையெழுத்து ஆகியவற்றைச் சிலர் தடையாகச் சொல்வார்கள். கபில தீர்த்தம் போவதற்கு இவற்றில் எதுவும் வேண்டாம். திருப்பதி ஊருக்குள்ளேயே மலையடியில் இருக்கிறது. மழை பெய்தால் அருவி விழும், பெய்யாவிட்டால் ஏன் விழவில்லை என்று பாடம் நடத்தலாம்.

பரிந்துரை

குழு அமைக்க வேண்டாம். பாடத்திட்டத்தை இன்னொரு முறை திருத்தவும் வேண்டாம். திருத்தினால் மறுபடி முதல் அலகிலிருந்து தொடங்குவார்கள். செய்ய வேண்டியது ஒன்றுதான். எட்டாம் அலகை முதல் வாரத்தில் வையுங்கள், மற்ற ஏழும் அதன் பின்னால் வரட்டும். யார் தலையில் பாடம் விழுந்தாலும் சரி, அவர் வணிகவியல்காரரே ஆனாலும், புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே நடக்கட்டும். இதற்குத் தனி நேரம் கேட்டு யாருக்கும் மனுப் போட வேண்டியதில்லை. ஐந்து மணி நேரம் மானியக் குழுவின் முதல் பாடத்திட்டத்திலேயே ஒதுக்கப்பட்டிருக்கிறது.